ஏறாத வரியும் ஏறிப்போன மனையும்

2022 பிப்ரவரியில் எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவரிடம் எதிர்வீட்டு அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பி, ஜெயிச்சதும் வீட்டு வரியை ஏத்திருவீங்களாமே?" வேட்பாளர் கைகூப்பியபடியே சிரித்தார். "யாருக்கா சொன்னது? நான் இருக்குறப்ப நம்ம வார்டுல ஒரு பைசா ஏறாது." அக்கா நம்பினாரோ இல்லையோ, துண்டறிக்கையை வாங்கி ஜன்னல் கம்பியில் செருகிவைத்தார்.

19-ஆம் தேதி வாக்குப்பதிவு, 22-ஆம் தேதி எண்ணிக்கை, மார்ச் 2-ஆம் தேதி பதவியேற்பு. ஏப்ரல் 1-ஆம் தேதி தமிழகம் முழுக்கச் சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்துவிட்டது. இடையில் இருந்தது முப்பதே நாள். ஜெயித்துவிட்ட அந்தத் தம்பி அடுத்த முறை தெருப்பக்கம் வந்தபோது அக்கா விடவில்லை. "நாங்க ஏத்தலைக்கா, மேலேருந்து வந்துருச்சு" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை என்பதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். உள்ளாட்சித் தேர்தல் மேடைகளில் சொத்து வரியைப்போல வாக்குறுதிக்கு வசதியான பொருள் வேறில்லை. ஆனால் அந்த வாக்குறுதியைக் கொடுப்பவர் கையில் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர்கள் அந்தத் தேர்தலில் நிற்பதில்லை. இதற்கு நடுவில் ஊர் பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போகிறது.

வரிக்கும் உள்ளாட்சிக்கும் உள்ள உறவு தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. எல்லா மேடையிலும் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லிக் குடவோலைக்குக் கைதட்டு வாங்குவார்கள். முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டில் மேடையில் சொல்லப்படாத இரண்டு விதிகள் உண்டு. வாரியத்துக்கு வர விரும்புகிறவருக்குக் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டி வாழ வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரோ அவர் உறவினரோ வரக்கூடாது. முதல் விதி நமக்கு இன்று ஒவ்வாது. நிலமற்றவரை வெளியே நிறுத்துவது அது. இரண்டாவதைத்தான் நாம் தொலைத்துவிட்டோம்.

சென்னை மாநகராட்சி பிறந்ததே ஒரு வரித் தகராறில். 1686-இல் ஆளுநர் வில்லியம் கிஃபோர்டு நகர மதிலுக்காகக் கறுப்பர் நகரத்து வீடுகள்மேல் வரி போட, மக்கள் கடைகளை அடைத்து எதிர்த்தார்கள். லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியை நடத்திய ஜோசையா சைல்டு இதற்கு ஒரு வியாபாரியின் தீர்வைச் சொன்னார். கோட்டை அதிகாரம் போடும் சின்ன வரிக்கு முனகுகிற மக்கள், தங்கள் ஆட்களே கூடிப் போடும் பெரிய வரியை மனமுவந்து கொடுப்பார்கள் என்பது அவர் கணக்கு. 1687 டிசம்பரில் சாசனம், 1688 செப்டம்பர் 29-இல் மாநகராட்சி, முதல் மேயராக நத்தானியேல் ஹிக்கின்சன். ஜனநாயகப் பற்றால் வந்த அமைப்பு இல்லை. வரி வசூலுக்கு உள்ளூர் முகம் ஒன்று தேவைப்பட்டது, அவ்வளவுதான். என்றாலும் சைல்டின் கணக்கில் ஓர் உண்மை இருக்கிறது: எவ்வளவு என்பதைவிட, யார் போட்டது என்பதுதான் மக்களுக்கு முதலில் உறுத்தும்.

காசியில் 1810-ஆம் ஆண்டின் கடைசியில் நடந்தது இதற்கு மறுபக்கம். கம்பெனி அரசு வீட்டு வரி விதித்தபோது ஊரே தொழிலை நிறுத்திவிட்டு, வீடுகளை விட்டு வெளியேறித் திறந்தவெளியில் கூடி உட்கார்ந்தது. கொல்லர், நெசவாளர், படகோட்டி என்று எல்லோரும். 1812-இல் அந்த வரி கைவிடப்பட்டது. காந்திக்கு ஒரு நூற்றாண்டு முன்பே நடந்த இந்த ஒத்துழையாமையை ஆவணங்களிலிருந்து தோண்டி 1971-இல் நூலாக்கியவர் தரம்பால். வீடு என்பது வருமானம் இல்லை, குடியிருக்கும் இடம். அதற்கு ஏன் கப்பம் கட்ட வேண்டும் என்ற கேள்வி அன்றும் எழுந்தது. எதிர்வீட்டு அக்காவும் அதையேதான் வேறு சொற்களில் கேட்கிறார்: "வாடகைக்கா விட்டுருக்கேன்? நானே குடியிருக்கேன்."

அக்காவின் கேள்வி நியாயமானது. ஆனால் சொத்து வரியின் இலக்கணம் அப்படி எழுதப்படவில்லை. நம் ஊர்களில் வரிக்கு அடிப்படை ஆண்டு வாடகை மதிப்பு. நீங்கள் வாடகைக்கு விட்டாலும் விடாவிட்டாலும், விட்டால் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போட்டு அதில் ஒரு பங்கை அரையாண்டுக்கு ஒருமுறை கேட்பார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் இன்னொன்று. காலத்தோடு கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். கட்டாவிட்டால் நோட்டீஸ், பிறகு வாசலில் குப்பைத்தொட்டியைக் கொண்டுவந்து வைப்பது, கடைக்குச் சீல் என்று அவரவர் கற்பனைக்கேற்ற வசூல் உத்திகள்.

அந்த வாடகை மதிப்பு எப்படி வருகிறது என்று பார்த்தால்தான் வேடிக்கை புரியும். சென்னையில் தெருவாரியாக ஓர் அடிப்படை விகிதம் வைத்திருந்தார்கள். குடியிருப்புக்குச் சதுர அடிக்கு மாதம் 60 காசிலிருந்து 2 ரூபாய் 40 காசு வரை. இது 1998-ஆம் ஆண்டின் பொது மறுமதிப்பீட்டுக் காலத்து உலகம். அதற்குப் பிறகு அதே தெருவில் வாடகை எத்தனை மடங்கு ஏறியது என்பது வீடு தேடி அலைந்த எவருக்கும் தெரியும். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு அதிகபட்ச விகிதத்தில் கணக்குப் போட்டாலும் மாத வாடகை 2,400 ரூபாய்தான் வரும். அந்தப் பணத்துக்கு இன்று மாம்பலத்தில் வீடு அல்ல, வண்டி நிறுத்த இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். சொந்தக்காரரே குடியிருந்தால் இதிலும் 25 சதவீதம் கழிவு உண்டு.

ஆக, வரி குறைவாக இருந்தது, அதில் சந்தேகமில்லை. இந்தியா முழுவதுமே சொத்து வரி வசூல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.2 சதவீதம்தான், வளர்ந்த நாடுகளில் அது 1 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. 2022-இல் உயர்வை நியாயப்படுத்த மாநில அரசு ஒரு பட்டியல் வெளியிட்டது. சென்னையில் 600 சதுர அடி வீட்டுக்கு 810 ரூபாயாக இருப்பது 1,215 ஆகிறது. இதே அளவு வீட்டுக்கு மும்பையில் 2,157, பெங்களூரில் 3,464, கொல்கத்தாவில் 3,510, புனேயில் 3,924. நல்ல பட்டியல்தான். மும்பையில் அதே ஆண்டு ஜனவரியில் 500 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு வரியே இல்லை என்று முடிவெடுத்திருந்தார்கள் என்பது மட்டும் அதில் இல்லை. 600 சதுர அடி என்ற அளவு எவ்வளவு வசதியாக அமைந்துவிட்டது பாருங்கள்.

குறைவாக இருந்தது என்பது ஒன்று. ஏன் அப்படியே இருந்தது என்பது வேறு. சென்னைக்கு 1998-க்குப் பிறகும், மற்ற நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2008-க்குப் பிறகும் மறுமதிப்பீடு இல்லை. 2018 ஜூலையில் அன்றைய அ.தி.மு.க. அரசு குடியிருப்புகளுக்கு 50 சதவீதமும் மற்றவற்றுக்கு 100 சதவீதமும் உயர்த்தியது. வாடகைக்கு விட்ட வீடுகளுக்கு முதலில் 100 என்றார்கள், சில நாட்களிலேயே 50 ஆக்கினார்கள். எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. தெருவில் இறங்கியது. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் வாசலில் நிற்கும்போது, அந்த உயர்வே நிறுத்திவைக்கப்பட்டது. மறு ஆய்வுக்கு ஒரு குழு. கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்த அரையாண்டுகளில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். டிசம்பரில் ஊரகத் தேர்தல் மட்டும் நடந்தது. நகர்ப்புறத் தேர்தல் மேலும் இரண்டு ஆண்டு தள்ளிப்போனது. 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. அறிக்கை, பொருளாதார நிலை சீராகும்வரை சொத்து வரி உயராது என்றது. 2022 ஏப்ரலில் உயர்ந்தது. இப்போது அ.தி.மு.க. தெருவில் இறங்கியது. பதாகைகளில் கட்சிப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் வாசகங்களைப் புதிதாக எழுத வேண்டியிருந்திருக்காது.

2022 உயர்வு படிநிலையாக வந்தது. சென்னையின் பழைய பகுதி (2011-இல் விரிவதற்கு முன்பிருந்தது) தவிர மற்ற இடங்களில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. சென்னையின் பழைய எல்லைக்குள் இவை முறையே 50, 75, 100, 150. வணிகக் கட்டடங்களுக்கு அங்கே 150, பிற இடங்களில் 100. சிறு வீட்டுக்குக் குறைவாக, பெரிய வீட்டுக்கு அதிகமாக என்பது சரியான திசை. பாராட்ட வேண்டியதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பத்து, இருபது ஆண்டு பட்டினி போட்டுவிட்டு ஒரே வேளையில் ஊட்டினால் செரிக்காது. ஆண்டுக்கு ஐந்து சதவீதம் ஏறியிருந்தால் அக்கா கவனித்தேகூட இருக்கமாட்டார்.

"மேலேருந்து வந்துருச்சு" என்று கவுன்சிலர் சொன்ன அந்த மேல் எது? மாநில அரசு இருக்கும் கோட்டைக்கும் மேலே ஒரு மேல் இருந்தது. என்.கே. சிங் தலைமையிலான 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 1,21,055 கோடி ரூபாய் மானியம் பரிந்துரைத்தது. கூடவே ஒரு நிபந்தனை: சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை மாநிலம் அறிவிக்க வேண்டும், மாநிலத்தின் உற்பத்தி வளர்ச்சிக்கு ஈடாக வசூலும் ஆண்டுதோறும் வளர வேண்டும். இல்லையென்றால் மானியம் கிடையாது. மாநில அரசு ஆணை போட்டது. மன்றங்கள் அவசரக் கூட்டம் கூட்டித் தீர்மானம் போட்டன. எதிர்க்கட்சிகள் வெளிநடப்புச் செய்தன. டெல்லி சொல்லி, கோட்டை எழுதி, மன்றம் கை தூக்கி, கடைசியில் பில் கலெக்டர் வந்து கதவைத் தட்டினார். இந்தச் சங்கிலியில் எதிர்வீட்டு அக்கா ஓட்டுப் போட்டுக் கேள்வி கேட்கக்கூடிய கண்ணி எது என்பதைத் தேடிப்பார்க்க வேண்டும்.

அந்த ஓட்டுக்கூட ஒழுங்காகக் கிடைக்கவில்லை. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலைப் பழங்குடியினர் இடஒதுக்கீடு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாதமே பழைய மன்றங்களின் காலமும் முடிந்தது. அதிலிருந்து 2022 வரை தனி அலுவலர்கள் ஆண்டார்கள். ஏறக்குறைய ஐந்தரை ஆண்டு! 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்று கட்டாயப்படுத்திய பிறகுதான் இது. பெங்களூர் இதைவிட மோசம். 2020 செப்டம்பரில் அங்கே மாமன்றத்தின் காலம் முடிந்தது. ஐந்தாண்டு கடந்தும் தேர்தல் இல்லாமலே காலம் ஓடியது. மக்கள் பிரதிநிதி இல்லாத அந்தக் காலத்தில் யாரும் வரி வசூலை நிறுத்திவைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

தேர்தல் வந்தால் வரி குறையும் என்பதும் தமிழகத்துக்கு மட்டுமான வழக்கமல்ல. மும்பையின் 500 சதுர அடிச் சலுகை 2017 மாநகராட்சித் தேர்தலில் சிவசேனை கொடுத்த வாக்குறுதி. அதே ஆண்டு டெல்லியில் ஆம் ஆத்மி கட்சி குடியிருப்பு வரியையே ஒழிப்போம் என்றது. ஐதராபாத்தில் 2020 டிசம்பர் 1 மாநகராட்சித் தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு, தீபாவளிப் பரிசாக, 15,000 ரூபாய் வரை வரி கட்டுவோருக்குப் பாதி தள்ளுபடி என்று மாநில அரசு அறிவித்தது. கொடுப்பது மாநில அரசு, இழப்பது மாநகராட்சி, பெயர் வாங்குவது கட்சி.

வெளிநாட்டிலும் இதே நோய்க்கு வேறு மருந்துகள் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் வீட்டு விலை கண்டபடி ஏறி, வரியும் கூடவே ஏறியபோது, 1978 ஜூனில் மக்களே வாக்களித்து அதற்கு விலங்கு பூட்டினார்கள். வரி மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. வீடு கைமாறும்வரை மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. முதியவர்கள் வீட்டை விற்றுவிட்டு ஓடவேண்டிய நிலை நின்றது. அது பெரிய நன்மை. ஆனால் ஒரே தெருவில், ஒரே மாதிரி வீட்டில், நாற்பது ஆண்டு முன்பு வாங்கியவர் கட்டுவதைப்போலப் பல மடங்கைப் போன ஆண்டு வாங்கியவர் கட்டுகிறார். நகரங்களும் வீடு கட்ட இடம் கொடுப்பதைவிட விற்பனை வரி தரும் பெரிய கடைகளையே விரும்பத் தொடங்கின. இங்கிலாந்தில் வேறு கூத்து. வீட்டை விட்டுத் தலைக்கு வரி என்று மார்கரெட் தாட்சர் மாற்றப்போக, 1990 மார்ச்சில் லண்டனில் கலவரமே வெடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் பதவி போனது. அதற்குப் பதிலாக வந்த வரிக்கு இன்றும் 1991 ஏப்ரல் மாத மதிப்புதான் அடிப்படை. அதைத் தொட எந்தக் கட்சிக்கும் துணிவில்லை. நம் 60 காசுக்கு லண்டனிலும் ஒரு தம்பி இருக்கிறான்.

வரியைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் ஊர் வளர்ச்சியைப் பற்றித் தேர்தலில் ஏறக்குறைய எதுவும் பேசுவதில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழக மக்களில் 48.4 சதவீதம் பேர் நகர்ப்புறத்தில். அந்த ஆண்டே சென்னை மாநகராட்சி சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகளை விழுங்கி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. கோவையும் மதுரையும் 72 வார்டிலிருந்து 100-க்கு விரிந்தன. 2021-இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. 2024-இல் திருவண்ணாமலை, நாமக்கல், காரைக்குடி, புதுக்கோட்டை. மாநகராட்சிகள் 25 ஆகிவிட்டன. 2025 தொடக்கத்தில் ஊரை ஒட்டிய கிராம ஊராட்சிகளை இணைக்கும் அறிவிப்பு மாநிலமெங்கும் வந்தபோது மறியல், மனு, கிராம சபைத் தீர்மானம் என்று எதிர்ப்பும் மாநிலமெங்கும் வந்தது.

படித்தவர்கள் சிலர் அந்த எதிர்ப்பைப் பிற்போக்கு என்று ஒதுக்கினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊராட்சியில் அவர்கள் கட்டும் வீட்டு வரி சில நூறு ரூபாய். நகராட்சி ஆனால் சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடை வைப்புத் தொகை, குப்பைக்குத் தனிக் கட்டணம், காலி மனைக்கும் வரி. நூறு நாள் வேலை நின்றுபோகும். கையெழுத்துக்கு ஊராட்சித் தலைவரைத் தெருமுனை டீக்கடையில் பிடிக்கலாம். மண்டல அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். பதிலுக்குக் கிடைப்பது என்ன? பழைய மகாபலிபுரம் சாலையோரம் 2011-இல் சென்னைக்குள் வந்த பகுதிகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விடை தெரியும். மாநகராட்சிக்கு வரி கட்டிக்கொண்டே, பத்தாண்டுக்கு மேலாகத் தண்ணீர் லாரிக்கும் காசு கொடுத்தார்கள். இதைக் கண்ணால் பார்த்த ஓர் ஊராட்சிக்காரர் இணைப்புக்குக் கொடி பிடிப்பாரா?

அதே சமயம், இணையாமலே இருந்தால் ஆயிற்றா என்றால், அதற்கும் 2015 டிசம்பர் சாட்சி. அடையாற்றின் ஓரத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் முதல் மாடிவரை தண்ணீரில் நின்றபோது இரண்டும் ஊராட்சிகள்தான். மாநகர அளவுக்கு வீடுகள் வந்துவிட்டன. அத்தனைக்கும் வடிகால் போட ஊராட்சியின் வரவு எந்த மூலைக்கு? மனை போட்டவர் விற்றுவிட்டுப் போய்விட்டார், தண்ணீர் மட்டும் பழைய வழியை மறக்கவில்லை. அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகுதான், மாநிலமெங்கும் ஏரிக்கரையிலும் வயலிலும் கல் நட்டு விற்ற வியாபாரம் எவ்வளவு பெரிது என்று வெளியே தெரிந்தது. 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. கட்டணம் கட்டியவருக்கு அனுமதி கிடைத்தது. பாதையும் வடிகாலும் பின்னால் வரும் என்றார்கள்.

இந்த இடத்தில்தான் வரியும் வளர்ச்சியும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. சந்திக்க விடாமல் நாம் வைத்திருக்கிறோம். ஒரு புறநகர் வயல் மனையாகும்போது விலை எத்தனையோ மடங்கு ஏறுகிறது. ஏற்றியது விற்றவரின் உழைப்பல்ல. சாலை, பஸ், பள்ளிக்கூடம், பக்கத்து ஊரின் சந்தை. அந்த ஏற்றத்தில் ஊருக்கு என்ன வருகிறது? மனை பதிவாகும்போது வழிகாட்டி மதிப்பில் நூற்றுக்கு 9 ரூபாய் கட்டுகிறோம்: 7 முத்திரைத் தீர்வை, 2 பதிவுக் கட்டணம். அந்த ஏழிலும் உள்ளாட்சிக்கு உரியது சொத்து மாற்றத்தின் மேல் வரும் 2 ரூபாய் மட்டும். மீதி மாநிலக் கருவூலத்துக்கு. வழிகாட்டி மதிப்பையும் மாநிலமே நினைத்தபோது ஏற்றும், இறக்கும். 2017-இல் 33 சதவீதம் குறைத்தார்கள், 2023-இல் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். விற்பனைக்கு முன் காலி மனையாக ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போது அதற்கு வரி பெயரளவுக்குத்தான். பல இடங்களில் வரிப் பதிவேட்டிலேயே இருக்காது. கட்டடம் வந்து, கதவு எண் வாங்கி, ஆள் குடிவந்த பிறகுதான் ஊர் அந்த மனையைக் கண்டுபிடிக்கிறது. வளர்ச்சியின் லாபம் முதலில் போய்விடுகிறது. குழாய், வடிகால், தெருவிளக்குச் செலவு பின்னால் வருகிறது. அந்தச் செலவைத்தான் எதிர்வீட்டு அக்காவிடமும் புதிதாகக் குடிவந்த வீட்டுக் கடன்காரரிடமும் சேர்த்துக் கேட்கிறோம்.

ஆகவே எனக்குத் தோன்றுவது இது. வரி ஏற வேண்டும் என்பவர்களின் கணக்கு சரி. ஏறக்கூடாது என்பவர்களின் கோபமும் சரி. இரு தரப்பும் வீட்டைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார்கள். யாரும் மனையைப் பார்ப்பதில்லை. விலை ஏறட்டும் என்று காத்துக் கிடக்கும் காலி நிலத்தை ஒழுங்காகப் பதிவேட்டில் ஏற்றி, அதற்கு உறைக்கும்படி வரி போட்டு, குடியிருக்கும் சிறு வீட்டை மெல்ல ஏற்றினால் பாதிச் சண்டை அடங்கும். இதை எந்தக் கட்சி அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை. மனை வைத்திருப்பவர்கள் அந்த அறிக்கையை எழுதும் அறைக்குள்ளேயே இருப்பது காரணமாக இருக்கலாம்.

2023-இல் நடைமுறைக்கு வந்த புதிய நகர்ப்புற உள்ளாட்சி விதிகள் வேறு வழியில் போய்விட்டன. ஆண்டுதோறும் 6 சதவீதம், அல்லது மாநில உற்பத்தியின் ஐந்தாண்டுச் சராசரி வளர்ச்சி, எது அதிகமோ அதன்படி வரி ஏற வழி செய்யப்பட்டது. 2024 செப்டம்பரில் சென்னை மாமன்றம் 6 சதவீதத்துக்குத் தீர்மானம் போட்டது. இருபது ஆண்டு தூங்கிவிட்டு ஒரே அடியாக எழுப்புவதைவிட இது மேல். கணக்குக்கு, அரையாண்டுக்கு 600 ரூபாய் கட்டிய ஆயிரம் சதுர அடி வீடு ஒன்று நகராட்சியில் இருந்தால், 2022-இல் 900, 2024-இல் 954. தாங்கக்கூடியதுதான். ஆனால் தானாக ஏறும் வரிக்கு மன்றம் எதற்கு? இந்த ஆண்டு ஏற்றுவோமா, நிறுத்துவோமா, எந்த வார்டின் வடிகாலுக்காக ஏற்றுகிறோம் என்று பேசித் தீர்மானிப்பதுதான் உள்ளாட்சி. அதை எண்ணெய் போட்ட இயந்திரமாக்கிவிட்டால் கவுன்சிலருக்கு மிஞ்சுவது கல்யாணப் பத்திரிகையும் தெருவிளக்கும்.

போகிற போக்கில் ஒன்று: நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வருகிறது. 1948-இல் எஸ்.ஆர். ரங்கநாதன் போன்றோர் முயற்சியால் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின் வரம் அது. எதற்காகக் கொடுக்கிறோம் என்று பெயர் எழுதி வாங்கப்படும் காசு இது. அதனால்தானோ என்னவோ, நூலக வரிக்கு எதிராக யாரும் கொடி பிடித்து நான் பார்த்ததில்லை.

2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் பகுதி சபை என்று ஒன்று வந்திருக்கிறது. கிராம சபைக்குத் தம்பி. எங்கள் வார்டில் பள்ளிக்கூட வராந்தாவில் கூடினார்கள். முப்பது நாற்பது பேர் இருப்போம். குப்பை வண்டி, நாய்த்தொல்லை, தெருவிளக்கு என்று மனுக்கள் போய்க்கொண்டிருந்தன. எதிர்வீட்டு அக்கா கடைசி வரிசையிலிருந்து எழுந்து, நம் வார்டில் வருஷத்துக்கு எவ்வளவு வரி வசூலாகிறது, அதில் எவ்வளவு நம் வார்டுக்குச் செலவாகிறது என்று கேட்டார். வந்திருந்த அலுவலர் பதிவேட்டைப் புரட்டினார். வார்டுவாரியாக அப்படித் தனிக்கணக்கு எடுப்பதில்லை அம்மா, மொத்தமாகத்தான் இருக்கும் என்றார். கவுன்சிலர், அடுத்த கூட்டத்துக்குள் எடுத்துத் தரச் சொல்கிறேன் என்றார். அக்கா தன் கேள்வியை மினிட் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

2022-இல் வந்த இந்த மன்றங்களின் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. நகராட்சிக்குப் பாக்கி வைத்திருப்பவர் தேர்தலில் நிற்கக்கூடாது என்பது விதி. அதனால் மனுத்தாக்கல் வாரத்தில் மட்டும் வரி வசூல் கவுண்டரில் வேட்டி சட்டைகளின் வரிசை நீளும். அக்கா அந்த வாரத்தில்தான் தன் அரையாண்டு வரியைக் கட்டப் போவதாகச் சொல்லியிருக்கிறார். வரிசையில் நிற்கும்போது பேச ஆள் கிடைக்குமாம்.